'வேண்டாம்' என்று தொடங்கும் வாக்கியங்கள்

எனக்கு நாற்காலி ஆசை வந்தது நாற்பத்தெட்டாவது வயதில். அரசியலில் இருப்பவர்களுக்கு அது இன்னும் சீக்கிரமே வந்துவிடும் என்று சொல்வார்கள். நான் ஆசைப்பட்டது, ஈப்போவுக்கு வெளியே நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவின் கண்ணாடி அறைக்குள் இருக்கும் நீல நிற நாற்காலிக்கு. அடியில் சக்கரம், பின்னால் சாய்மானம். அதில் உட்காருகிறவருக்கு லீடர் என்று பெயர். அந்த அறைக்கு வெளியே இருபத்திரண்டு வருடமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

நின்றுகொண்டிருந்தேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வேலையை உட்கார்ந்து செய்ய முடியாது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பெட்டியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து, அதன் வாயைக் குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, தலைக்கு மேல் இருக்கும் கம்பியில் தொங்கவிட வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்காவது ஒரு சொட்டு துளிர்த்தால் ஓட்டை. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு மாட்டுக் கொட்டகையில் மடிகளை மட்டும் விட்டுவிட்டு மாடுகள் எங்கோ போய்விட்டது போலத் தோன்றும்.

தொழிற்சாலை நிற்கும் நிலம் முன்பு ரப்பர் தோட்டம். என் அம்மா அங்கே பால்மரம் வெட்டி, வடிகிற பாலை வாளியில் சேர்த்தார். வாளியில் ஓட்டை இருந்து பால் ஒழுகினால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி திட்டுவாராம். மகள் அதே நிலத்தில், பாலில் செய்த கையுறையில் ஓட்டை தேடுகிறாள், லீடர் திட்டுகிறார். எங்கள் குடும்பம் முன்னேறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நாற்பத்தைந்துக்குப் பிறகு இரண்டு முட்டிகளும் பேச ஆரம்பித்தன. கிளினிக் டாக்டர் நிற்பதைக் குறைக்கச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டுவிட்டு, சொன்னதும், தைலம் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்துதான் கண்ணாடிக்குள் இருக்கும் நாற்காலியை நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். பழைய லீடர் அதில் உட்கார்ந்து ஒரு காலால் தரையை உந்துவார். நாற்காலி அவரை அலமாரிக்குக் கொண்டுபோகும். எழுந்திருக்காமலே கோப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார். எனக்கு மகாராணிகளைப் பற்றித் தெரியாது. ஆனால் அவர்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பழைய லீடர் நல்ல மனுஷி. ஒரே ஒரு குறை. வருடத்துக்கு இரண்டு முறை வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆடிட்டர்கள் வருவார்கள். அந்த இரண்டு முறையும் அவருக்குத் தவறாமல் வயிறு போகும், எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்துவிடுவார். ஆங்கிலம் வருகிறது என்று தெரிந்தாலே வயிற்றைக் கலக்கும் நோய் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் உண்டு. லீடருக்கு மட்டும் அதற்குச் சீட்டு கொடுக்கும் டாக்டர் தெரிந்திருந்தது. அவர் ஓய்வு பெற்றபோது அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். புதிய லீடர் பிரிவிலிருந்தே எடுக்கப்படுவார், ஆடிட்டரிடம் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்திருக்க வேண்டும், நேர்காணல் ஆங்கிலத்திலேயே நடக்கும்.

எங்களுக்கு ஆங்கிலமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. தொழிற்சாலை ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. அதில் மலாய்க்காரர், சீனர், நாங்கள், நேப்பாளத்திலிருந்து வந்த பையன்கள் எல்லோரும் சண்டை சச்சரவில்லாமல் வாழ்கிறோம். 'கேன் ஆ?' என்று கேட்டால் 'கேன் லா' என்று பதில். முடியாவிட்டால் 'கேன்னாட் லா'. கேள்விக்கும் பதிலுக்கும் வார்த்தை வரிசை ஒன்றுதான், குரலை மட்டும் ஏற்றி இறக்கினால் போதும். இந்த மொழியில் பல வருடம் கப்பல் கப்பலாகக் கையுறை ஏற்றினோம். உலகத்தில் எந்த டாக்டரும் எங்கள் இலக்கணத்தைப் பற்றிப் புகார் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை.

அறிவிப்பைப் படித்தபோது என் பக்கத்தில் நின்றவர் பாரிட் புந்தார் அக்கா. ஊர் பாரிட் புந்தார் என்பதால் அந்தப் பெயர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், வேலையில் நான்கு வருடம் இளையவர். பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று, அவர் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பையும் நான் கொண்டுவரும் மிளகாய்ச் சம்பலையும் மாற்றிச் சாப்பிட்டு வாழ்ந்தோம். அக்கா தாளைப் படித்துவிட்டு இந்த வயதில் நமக்கு எதுக்கு இதெல்லாம் என்றார். நானும் ஆமாம் என்றேன், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. அவரும் அப்போது தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை புந்தோங்கில் ஒரு பூக்கடைக்கு மேலே நடக்கும் ஆங்கில வகுப்புக்குப் போனேன். படிக்கட்டின் பாதியில் அக்கா இறங்கிக்கொண்டிருந்தார். வகுப்பு இன்னும் தொடங்காததால் கழிப்பறை எங்கே என்று தேடி இறங்கியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் சொன்னது, கோயிலுக்குப் பூ வாங்க வந்தேன் என்று. நானும் பூ வாங்கத்தான் வந்தேன் என்றேன். பூக்கடை கீழே இருந்தது. இரண்டு பேரும் மாடிப்படியில் நின்றோம். கொஞ்ச நேரம் பூ விலையைப் பற்றிப் பேசிவிட்டு, ஒன்றாக மேலே ஏறி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

வகுப்பு எடுத்தவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். எங்களை ஆன்ட்டி என்றாள். நேர்காணலுக்கு என்று தெரிந்ததும் சுற்றி வளைக்கவில்லை. சாதாரண வாக்கியம் எல்லோரும் பேசுவார்கள், அதிகாரி தாளிலிருந்து தலையைத் தூக்க மாட்டார், அவர் தலையைத் தூக்க வேண்டுமென்றால் வாக்கியத்தைப் புரட்டிப் போட வேண்டும் என்றாள். 'ஐ ஹேவ் நெவர் ஸீன்' என்பது கோப்பிக் கடைப் பேச்சு. 'நெவர் ஹேவ் ஐ ஸீன்' என்றால் படித்த பேச்சு. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், நான் பார்த்ததே இல்லை. ஆனால் 'நெவர்' முன்னால் வந்து உட்கார்ந்ததும், 'ஐ' எழுந்து 'ஹேவ்'வுக்கு வழி விட வேண்டும்.

எனக்கு அது பிடித்துப்போனது. ஆங்கிலத்தில் 'நான்' என்பது எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில்தான் வரும், பெரும்பாலும் முன்வரிசையில்தான் உட்காரும், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மாதிரி. என்னைப் போல நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவர்களுக்குத் தொண்டை அடைப்பதே அந்த முதல் வார்த்தையில்தான். அந்த 'ஐ'யை ஒரு சொல்லாவது பின்னால் தள்ளி நிறுத்த ஒரு வழி இருக்கிறது என்றால் அதைக் கூச்சப்படுகிறவர்கள்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. 'நேத்து வந்தேன்' என்றால் போதும். நான் என்பது வந்தேனுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும். 'நான் அக்காவ அடிச்சேன்' என்றாலும் 'அக்காவ நான் அடிச்சேன்' என்றாலும் 'அடிச்சேன் நான் அக்காவ' என்றாலும் அடி வாங்கியது அக்காதான். ஆங்கிலத்தில் நாங்கள் இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்தால் அடி எனக்கு விழும். வினைச்சொல்லுக்கு வால் இல்லாத மொழி, அதனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் அத்தனை கெடுபிடி. இதை வகுப்பில் நான் சொல்லவில்லை. பெஞ்சில் அக்காவின் காதில் மட்டும் சொன்னேன். அக்கா, அடிக்கிற உதாரணத்துக்கு உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டார்.

எட்டு ஞாயிறு போனோம். புரட்டும் வாக்கியங்கள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு பழக்கமான வாசனை அடித்தது. நெவர், ஹார்ட்லி, ரேர்லி, நாட் ஒன்லி. எல்லாம் இல்லை, இல்லவே இல்லை, மட்டுமில்லை என்று தொடங்குகிறவை. மரியாதையான ஆங்கிலம் முதலில் 'இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறது. அப்படியென்றால் வெள்ளைக்காரனும் நம்மைப் போலத்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் கெடுத்தது.

நம்மைப் போல என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால், ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை வேண்டாம், இப்போதுதான் பசியாறினேன் என்று சொல்ல வேண்டும். பசியாறியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாவது தடவை கேட்டால் வயிறு நிறைந்திருக்கிறது, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை தட்டோடு வந்து நிற்பார்கள். அப்போது, சரி, உங்கள் திருப்திக்குக் கொஞ்சம் என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே சரி என்றவளைக் காணாததைக் கண்டவள் என்பார்கள். ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்தியவளைக் கேட்காதவள் கணக்கில் வைப்பார்கள். சின்ன வயதில் ஒரு வீட்டில் வடைக்கு முதல் தடவையே கை நீட்டியதற்கு அம்மா தொடையில் கிள்ளிய இடத்தை எனக்கு இன்னும் காட்டத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் லயத்திலிருந்து வந்த நாங்கள் பன்னிரண்டு பேர். மதியம் ஒரு வாழைப்பழத்தைப் பங்கு போட்டுக்கொள்ள எங்களுக்குக் கால் மணி நேரம் ஆகும்.

நேர்காணல் நாள் வந்தது. பத்து மணிக்கு அக்கா, பத்தரைக்கு நான். அக்கா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் எங்கள் மேனேஜர், ஈப்போக்காரர், தீபாவளிக்கு எங்கள் மேசைக்கு வந்து முறுக்கை இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோகிறவர். இன்னொருவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மா. கையில் கட்டம் போட்ட தாள். சுவரில் இருந்த திரையில் வெளிநாட்டிலிருந்து ஓர் அதிகாரி, அவருக்கு அங்கே விடிந்துகொண்டிருந்ததோ என்னவோ, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். பூக்கடை மாடியில் எட்டு ஞாயிறு கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை எடுத்து வைத்தேன்.

"நெவர் ஹேவ் ஐ பாஸ்ட் எ க்ளவ் வித் எ ஹோல்."

ஓட்டையுள்ள ஒரு கையுறையைக்கூட நான் விட்டதில்லை என்று அர்த்தம். அது சுத்தப் பொய். திங்கட்கிழமை காலைகளில் என் கண்ணே எனக்குத் தெரியாது. ஆனால் வாக்கியம் புரண்ட அழகில் அந்தப் பொய்க்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. திரையில் இருந்தவர் கண்ணைக் கசக்குவதை நிறுத்தினார். தலைமை அலுவலக அம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கினார். வகுப்பு எடுத்த பெண் சொன்னது அப்படியே நடந்தது. பிறகு தண்ணீர்ச் சோதனையைப் பற்றிக் கேட்டார்கள். அது எனக்குக் கை தானாகப் பேசும் விஷயம். சொல் வராத இடத்தில் கையால் தொங்கவிட்டுக் காட்டினேன். பதினைந்து நிமிடத்தில் பயம் போய்விட்டது. அதுதான் ஆபத்து. பயம் இருக்கும் வரை படித்த மாதிரி நடந்துகொண்டேன், பயம் போனதும் லயத்தில் வளர்ந்த மாதிரி நடந்துகொண்டேன்.

அந்த அம்மா பேனாவைக் கடைசிக் கட்டத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகவே கேட்டார்.

"ஸோ, டூ யூ வாண்ட் திஸ் ஜாப்?"

"நோ, நோ, மேடம்," என்றேன். "சிஸ்டர் அவுட்சைட். ஷி இஸ் பெட்டர்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். இரண்டாவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று கூட மனதில் தயார் செய்துகொண்டேன். அந்த அம்மா கட்டத்தில் ஏதோ குறித்தார். என் நேர்மைக்கு நன்றி சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. முறுக்கு மனிதர் அல்லவா. அவர் வாயை லேசாகத் திறந்து, திரையில் இருந்தவரைப் பார்த்து, திரும்ப மூடிக்கொண்டார். அந்தத் தாளில் ஆம் என்றொரு கட்டமும் இல்லை என்றொரு கட்டமும்தான் இருந்திருக்கும். மூன்றாவது தடவைக்கு யாரும் கட்டம் போடுவதில்லை. நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மேனேஜரே மலாயில், முடிந்தது, போகலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

மாலை தொழிற்சாலை வேனில் அக்காவும் நானும் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். புந்தோங் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"வேணுமான்னு ஒன்னக் கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க."

"என்னா சொன்ன?"

"அக்கா வெளிய இருக்காங்க, அவங்களுக்குக் குடுங்கன்னு."

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன் ஒரு சிவப்பு விளக்கில் நின்று கிளம்பியது.

"நாசமாப் போச்சு," என்றார். "நானும் தங்கச்சிக்குக் குடுங்கன்னுதான்லா சொன்னேன்."

"ரெண்டாவது வாட்டி கேட்டாங்களா, அக்கா?"

"கேக்கல. ஒன்ன?"

"என்னயும் கேக்கல."

"என்னா மனுசங்கலா இவங்க," என்றார் அக்கா. "கேக்கறதுக்கே தெரியல. இவங்கல்லாம் இங்கிலீஷ் படிச்சி என்னத்துக்கு."

அன்றிரவு படுத்தும் தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு பேரும் மற்றவரைச் சொல்லியிருக்கிறோம். அப்படியென்றால் இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அக்காவுக்குக் கிடைத்தால் நான் சந்தோஷப்படுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொன்னதால் ஒரே தடவையில் ஒத்துக்கொண்டேன். எட்டு வாரம் படித்த வாக்கியங்களில் பிற்பாடு எனக்கு உதவியது 'ஹேட் ஐ நோன்' ஒன்றுதான். எனக்குத் தெரிந்திருந்தால் என்று அர்த்தம். அதுவும் புரட்டிப் போட்ட வாக்கியம்தான். வருத்தப்படுவதற்குக்கூட ஆங்கிலத்தில் வார்த்தைகள் இடம் மாறி உட்கார வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பெயர் வந்தது. ஸ்டோரிலிருந்து எங்கள் பிரிவுக்கு மாறி ஏழு மாதம் ஆன ஒரு பெண். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே அங்கிருக்கும் மனநல ஆஸ்பத்திரியை வைத்து நடக்கும் கேலியை, சேர்ந்த முதல் நாளே அவளே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிட்டதால், பாவம் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தோம். தண்ணீர்ச் சோதனை முழுசாகத் தெரியுமா என்றார்களாம். 'நாட் யெட், ஐ லேர்ன்' என்றாளாம். வேலை வேண்டுமா என்றார்களாம்.

"என்னாம்மா சொன்ன?" என்று அக்கா கேட்டார்.

"வேணும்னு சொன்னேன்க்கா. 'வாண்ட்'னு."

"அவ்வளவுதானா?"

"வேணும்னா வேற என்னாக்கா சொல்றது?"

எட்டு ஞாயிறு, ஒரு நெவர், ஒரு ஹார்ட்லி, இரண்டு பேரின் இருபத்திரண்டும் பதினெட்டுமாக நாற்பது வருட நிற்றல், எல்லாவற்றையும் ஒரே ஒரு வார்த்தை தாண்டிப் போய் நீல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அந்த வார்த்தைக்கு முன்னால் பின்னால் இன்னொரு சொல் கூட இல்லை, புரட்டுவதற்கு.

அவள் மேல் கோபப்பட முயற்சி செய்தோம். முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று வந்து கேட்டாள். எங்களுக்கு முன்னால் கண்ணாடி அறைக் கதவைச் சாத்துவதில்லை.

அடுத்த ஆடிட் வந்தது. வந்த ஆடிட்டர் உயரமான அம்மா, கையில் தாள் அட்டை. லீடர் பெண்ணுக்கு வயிறு ஒன்றும் போகவில்லை. நேராக அழைத்து வந்து எங்கள் மேசை முன்னால் நிறுத்தி, 'திஸ் டூ சிஸ்டர், தே நோ எவ்ரிதிங்' என்றாள். பின்னால் மேனேஜர். ஆடிட்டர் என்னிடம் கேள்வி கேட்டார், நான் கையால் பாதி வாயால் பாதி சொன்னேன். எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்டபோது, கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், இருபத்திரண்டு வருடம் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். மேனேஜர் இருமினார்.

பிறகு ஆடிட்டர் அக்கா பக்கம் திரும்பி, உட்காருவதற்கு இங்கே ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அக்காவின் ஒரு கை இடுப்பில் இருந்தது.

"நோ நீட், மேடம், நோ நீட்," என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே. முதல் தடவை. முறைப்படி.

ஆடிட்டரின் பேனா தாளுக்கு இறங்கியது. எனக்கு அந்தப் பேனாவைத் தெரியும். வேறு கை, வேறு நிறம், ஆனால் இறங்குகிற வேகம் அதேதான். இது கட்டத்தைத் தொட்டுவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஓய்வு பெறும் வரை நிற்க வேண்டியதுதான். நெவரையும் ஹார்ட்லியையும் தேட நேரமில்லை. வெட்கம்கெட்ட அந்தப் பெரிய எழுத்து 'ஐ' முன்னால் வந்து நின்றது.

"ஐ வாண்ட் சேர்," என்றேன். குரல் வேண்டியதைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "ஷி ஆல்ஸோ வாண்ட்."

தலைக்கு மேல் தொங்கிய கையுறை ஒன்று சொட்டு விட்டது. யாரும் அதைக் குறிக்கவில்லை. ஆடிட்டர் எழுதினார், ஒரு கட்டத்தோடு நிற்காமல் கீழே இரண்டு வரி எழுதினார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அதைவிட, முறுக்கை முதல் தடவையே கை நீட்டி வாங்கிய ஒருத்தியைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

ஆடிட்டர் போனதும் அக்கா என்னிடம் வந்தார்.

"எனக்கு வேணும்னு ஒங்கிட்ட சொன்னேனா?"

"சொல்லல, அக்கா."

"அப்பறம் நீ யாரு எனக்குக் கேக்க? அந்த அம்மா என்னா நெனைச்சிருக்கும்? ஆலாப் பறக்குறாங்கன்னு நெனைச்சிருக்கும்."

ஆடிட்டர் இன்னொரு தடவை கேட்டிருக்க மாட்டார் என்று சொன்னேன். கேட்டிருப்பார், நல்ல முகம் என்றார் அக்கா. அந்த வாரம் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு என் பக்கம் வரவில்லை.

ஐந்து வாரத்தில் இரண்டு முக்காலிகள் வந்தன. சிவப்பு பிளாஸ்டிக், சாப்பாட்டுக் கடைகளில் போடுவார்களே, அது. எங்களை அவற்றில் உட்காரவைத்துக் கட்டை விரலைத் தூக்கச் சொல்லி மேனேஜர் கைப்பேசியில் படம் எடுத்தார். படம் அன்றே வெளிநாட்டுக்குப் போய்விட்டது. அதைப் பார்த்து அவர்கள் நிம்மதி அடைந்திருப்பார்கள். படத்தில் தெரியாத விஷயம், முக்காலியில் உட்கார்ந்தால் மேசை விளிம்பு எங்கள் தாடைக்கு வரும் என்பது. கையுறை தொங்கும் கம்பி ஆகாயத்தில் இருக்கும். ஒவ்வொரு கையுறைக்கும் எழுந்து மாட்டிவிட்டு உட்கார வேண்டும். இரண்டு நிமிடத்தில் மறுபடி எழ வேண்டும். சும்மா நின்றிருந்தால் முட்டிக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

அக்கா படத்துக்கு உட்கார்ந்ததோடு சரி. நான்கு நாள் தன் முக்காலியில் சாப்பாட்டுப் பையை மட்டும் உட்காரவைத்தார். ஐந்தாம் நாள் பையைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையுறைக்கு எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"குட்டையா இருக்குலா," என்றார். "இதுல ஒக்காந்தா முட்டி காதுக்கு வருது. ஒசரமா இருக்கணும். சாஞ்சிக்கிற மாரி."

"போய்க் கேக்கலாமா, அக்கா?"

"நீ போய்க் கேளு. ஒனக்குத்தான் வெக்கம் போயிருச்சே. நான் வரல."

பதினெட்டு வருடப் பழக்கத்தில் நான் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. சரி என்று சொல்லிவிட்டு நடந்தேன். கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் கோபித்துக்கொள்வார் என்று திரும்பவில்லை.

மேனேஜர் உள்ளேதான் இருந்தார், லீடர் பெண்ணோடு ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டு. உயரமான நாற்காலி வேண்டும், சாய்மானத்தோடு, இரண்டு என்றேன். அவர் முக்காலி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையே என்றார், படம் நன்றாக வந்திருந்ததே என்றார், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்பது ஈப்போவில் பிறந்த எல்லா இனத்தாருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் போகாமல் நின்றோம்.

லீடர் பெண் எழுந்து, தன் நாற்காலியை எங்கள் பக்கம் தள்ளினாள். சக்கரம் உருண்டு வந்து அக்காவின் முழங்காலில் இடித்து நின்றது.

"எம்மாம் நேரம் நிப்பீங்க, ஒக்காருங்கக்கா."

"வேணாம்மா, நீ ஒக்காரு," என்று அக்கா தொடங்கினார்.

நான் உட்கார்ந்தேன். அது பின்னால் சாயும் என்று தெரியும், இவ்வளவு சாயும் என்று தெரியாது. கால் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. கூரையில் விளக்கு தெரிந்தது, அக்காவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது, அதில் சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விழுந்துவிடுவேனோ என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை. மேனேஜர் மேசையிலிருந்த தாளை இழுத்து, எத்தனை அடி உயரம் வேண்டும் என்று கேட்டார்.